மொகல் தெருவின் மாதக் கூட்டம்

போட்டியாளன் ஒருவன் நொடித்துப்போனால் மற்றவனுக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு என்பது கடைத்தெருவின் பொது நியதியாயிருக்க, வட்டித் தொழில் ஒன்றில் மட்டும் அந்த நியதி தலைகீழாகிவிடுகிறது. ஜவுளிக்கடை ஒன்று மூடப்பட்டால் அதன் வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். லேவாதேவிக் கடை ஒன்று கதவடைத்தாலோ, பக்கத்துக் கடையில் பணம் போட்டிருப்பவர்களும் பொழுது சாய்வதற்குள் தம் முதலைத் திரும்பக் கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆகையினால் பணத்தை வைத்துப் பணம் செய்கிறவர்கள், ஒருவரையொருவர் மிஞ்சப் பார்க்கும் அதே வேளையில், ஒருவரையொருவர் தாங்கவும் கடமைப்பட்டவர்களாகிறார்கள்; அந்தக் கடமைக்கு ஓர் உருவம் கொடுப்பதற்கென்றே அவர்களுக்குச் சபையும் சங்கமும் வேண்டியிருக்கின்றன.

எங்கள் பக்கத்துச் சிறு நிதி ஸ்தாபனங்களின் சங்கம் ஒன்றில் அக்கிராசனப் பொறுப்பை உரிய காலம் வரை வகித்து, அண்மையில் அதை அடுத்தவரிடம் ஒப்புவித்துவிட்டு ஓய்ந்திருக்கும் எனக்கு, அந்தப் பதவி கற்பித்தவற்றுக்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று எண்ணிப் பார்க்கையில், தோள்கொடுத்த சக அங்கத்தினர்களுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருகிறவர்கள், நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன ஒரு தலைமுறையினர். ரங்கூன் நகரத்து மொகல் தெருவில், தண்டாயுதபாணி சந்நிதியில், மாதந்தோறும் கூடி வட்டி நிர்ணயித்த நாட்டுக்கோட்டை நகரத்தாரைச் சொல்கிறேன். ரிசர்வ் பாங்கு என்ற ஒன்று இந்தியாவில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, சட்டத்தின் துணையின்றி ஒரு தொழிலை ஒழுங்குக்குள் வைத்திருந்த அந்தச் சபையின் விருத்தாந்தத்தை, அதன் பெருமையோடும் குறையோடும் எழுதிவைப்பதே நான் செலுத்தக்கூடிய நன்றி என்று கருதுகிறேன்.

இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது கோயில்களைத் தம் நகரக் கோயில்களாகக் கொண்ட இந்த வணிகர்கள், உப்பும் பருத்தியும் அரிசியுமாக உள்நாட்டு வியாபாரம் செய்து பழகியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர் எனக் கடல் கடந்து பரவினார்கள். தம் பேச்சில் அதைக் ‘கொண்டுவிக்கப் போவது’ என்றார்கள். 1826-ல் முதலாம் ஆங்கில-பர்மிய யுத்தத்தின் முடிவில் தெனாசரிம் கரை ஆங்கிலேயர் வசமானதும் மோல்மேன் பக்கம் சிலர் எட்டிப் பார்த்தனர். 1852-ல் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டு, 1869-ல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டு, ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தையின் கதவு திறந்தபோது, நகரத்தாரின் பெரும்படையே ரங்கூனில் போய் இறங்கிற்று.

அந்தக் கழிமுகம் அப்போது பெரும்பாலும் காடும் சதுப்புமாய்க் கிடந்தது. காட்டை வெட்டி வரப்புக் கட்டி நெல் விளைக்கப் பர்மியக் குடியானவனிடம் கைவலிமை இருந்ததே தவிர, முதல் அறுவடை வரும்வரை மாடும் விதையும் கூலியும் சாப்பாடும் தேடிக்கொள்ளக் கையில் காசில்லை. வெள்ளைக்காரப் பாங்குகளோ ஏற்றுமதிக் கம்பெனிகளின் உண்டியல்களைத் தள்ளுபடி செய்துகொண்டு துறைமுகத்தோடு நின்றுவிட்டன; கிராமத்து மண்ணை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பது அவற்றின் வழக்கமும் அல்ல, சட்டமும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பாங்குக்கும் வயலுக்கும் இடையே கிடந்த அந்தப் பெரிய இடைவெளியில்தான் நகரத்தாரின் கடை, அதாவது செட்டியார் கடை, வந்து உட்கார்ந்தது. 1850களில் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாயிருந்த கீழ்ப் பர்மாவின் நெல் சாகுபடி 1930 வாக்கில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கிற்று என்றால், அந்த விளைச்சலின் பின்னே பர்மியனின் வியர்வையும் செட்டிநாட்டின் முதலும் சேர்ந்தே நின்றன.

அந்தக் கடை எப்படியிருந்தது என்று கேட்பவர்கள், இன்றைய பாங்குகளின் கண்ணாடிக் கதவுகளையும் சுழல் நாற்காலிகளையும் மறந்துவிட வேண்டும். நீண்டு உள்ளே போகும் ஒரு கூடம், தரையில் பாய், சுவரோரமாகக் கைப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் முன்னும் நெற்றி நிறையத் திருநீறோடு சம்மணமிட்டு அமர்ந்து, அந்தப் பெட்டி மூடியையே மேஜையாக வைத்து எழுதும் ஒருவர், ஒரு பக்கத்தில் இரும்புப் பெட்டகம், மேலே முருகன் படம். நாற்காலி என்பது வந்துபோகும் துரைமார்களுக்காகப் போடப்பட்டதே அன்றிக் கடைக்காரர்கள் உட்காருவதற்கன்று. கடைக்குப் பெயர்ப்பலகையைவிட விலாசம் முக்கியம். பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்த அந்த விலாசத்தைச் சொன்னவுடனேயே, இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன பங்காளிகள், இவ்வளவு பெறுமானம் என்று தெருமுழுவதும் சொல்லிவிடும்.

அங்கே தொழில் பழக வந்தவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான். விடியுமுன் எழுந்து கூடத்தைப் பெருக்கி, பெட்டிகளைத் துடைத்து, பெரியவர்களுக்கு வேண்டிய ஏவல் செய்து, எஞ்சிய நேரத்தில் குறிப்பில் இருக்கும் வரவு செலவுகளைப் பேரேட்டில் ஏற்றப் பழகி, மனக்கணக்காக வட்டி போடவும் கற்றுத் தேறி, பிறகு அடுத்தாளாக உயர்ந்து, அதற்கும் மேலே ஒரு நாள் மேலாளாக, அதாவது முதலாளியின் பிரதிநிதியான ஏஜெண்டாக, ஒரு கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்பான். முதலாளியின் சொந்தப் பிள்ளையானாலும் இன்னொருவர் கடையில் இந்தப் படிகளை ஏறிவந்தால்தான் தொழில் வரும் என்பது அக்காலத்துப் பெரியவர்களின் துணிபு.

மேலாளின் பதவிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. ஊரை விட்டுப் புறப்படுமுன் சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்தாகும். சம்பளத்தின் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்துக்குக் கொடுக்கப்படும். மனைவி மக்கள் செட்டிநாட்டு வீட்டிலேயே இருக்க, அவர் மட்டும் கப்பலேறுவார். கணக்கு முடியும் காலத்தில் அடுத்த மேலாள் வந்து சேருவார்; இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, பேரேட்டை ஏடு ஏடாகப் புரட்டி, இந்தக் கடன் வரக்கூடியது, இது இழுபறி, இந்தக் கிராமத்தில் இன்னாரிடம் கவனமாயிரு என்று ஒவ்வொரு பற்றையும் பேசித் தீர்த்து, ஐந்தொகை எடுத்து, பெட்டகத்தின் சாவியைக் கைமாற்றுவார்கள். பழைய மேலாள் ஊர் திரும்பி முதலாளியின் முன் கணக்கு ஒப்புவித்து, லாபத்தில் தனக்குரிய பங்கைப் பெற்றுக்கொண்டு, சில காலம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடியும் ஏதோ ஒரு துறைமுகத்துக்குப் புறப்படுவார். எவ்வளவு கெட்டிக்காரரானாலும் ஒருவரே ஓரிடத்தில் வேரூன்றிவிடாதபடி, எந்தக் கடனையும் இன்னொரு கண் ஒரு நாள் பார்த்தே தீரும்படி, இந்த மூன்றாண்டு விதி தொழிலைக் காத்தது. எங்கள் சங்கத்தில் அக்கிராசனர் மாறும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்தமர்ந்து கோப்புக்களைப் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தின் மூலம் எங்கே இருக்கிறது என்று நான் கண்டுகொண்டது இந்த மேலாள்மாரின் கதையைப் படித்தபோதுதான்.

இனி, பெட்டகத்திலிருந்த பணம் யாருடையது என்பதைச் சொல்லவேண்டும். முதலாளியின் சொந்த முதற்பணம் ஒரு பகுதி. உற்றார் உறவினர் நம்பிக் கொடுத்துவைத்த மேம்பணம் மற்றொன்று. சீதனமாக வந்த தொகையை ஆச்சிமார் தம் பேரில் வட்டிக்குப் போட்டுவைத்த ஆச்சிமார் பணம் ஒன்று. கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் உரிய கோயில் பணம் ஒன்று. இவையெல்லாம் போதாதபோது, அடத்திக் கடைகள் என்று சொல்லப்பட்ட பெரிய விலாசங்களிடம் சிறிய கடைகள் பணம் வாங்கும். அந்த அடத்திக் கடைகளோ தம் சொந்த நாணயத்தின் பேரில் இம்பீரியல் பாங்கிலும் வெள்ளைக்காரப் பாங்குகளிலும் வாங்கும். உபரிப் பணம் இருந்த கடை முடையான கடைக்குக் கொடுக்கும். அடுத்த மாதம் நிலைமை மாறி, கொடுத்தவர் வாங்குவார். ஊர் விட்டு ஊர் பணம் போகத் தரிசன உண்டியலும் தவணை உண்டியலும் இருந்தன. ரங்கூனில் செலுத்திய தொகையைக் காரைக்குடியிலோ சென்னையிலோ கொழும்பிலோ ஒரு சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படி ஒருவர் பணம் ஒருவரிடம் ஓடிக்கொண்டேயிருக்கையில், அதற்கு என்ன வட்டி என்ற கேள்வியை ஒவ்வொரு கடையும் தனித்தனியே பேசி முடிப்பதென்றால் நாள் முழுவதும் பேரத்திலேயே கழிந்துபோகும். அதோடு, முடைப்பட்டவனிடம் கூடுதல் கேட்பதும், அதைக் கேள்விப்பட்டு மற்றவர் அவனிடமிருந்து பணத்தை இழுத்துக்கொள்வதும், ஒரு சிறு சலசலப்பே பெருந்தீயாவதும் நடக்கும். ஆகவே மாதம் ஒருமுறை கோயிலில் கூடி, அந்த மாதத்துக்கு நடப்பு வட்டி இவ்வளவு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய பணத்துக்கு நடப்பு வட்டி. குறித்த காலம் வரை விட்டுவைக்கும் பணத்துக்குத் தவணை வட்டி. கடைகளுக்குள் ஓடும் பணத்துக்கும் வைப்புக்களுக்கும் அதுவே அளவுகோல்.

விதைப்புக் காலத்தில் ரங்கூன் பணம் கிராமக் கடைகளை நோக்கிப் போகும், அறுவடை முடிந்தபின் திரும்பி வரும் என்ற பருவக் கணக்கும், பாங்குகள் தம் வட்டியை ஏற்றியிருக்கின்றனவா இறக்கியிருக்கின்றனவா என்ற செய்தியும், அரிசி ஆலைக்காரர்கள் நெல்லுக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற நிலவரமும் அங்கே எடைபோடப்பட்டன. பணத்தைக் கொடுத்துவைத்திருந்த பெரிய கடைகளுக்கு வட்டி உயர்ந்தால் லாபம். வாங்கி வியாபாரம் செய்த சிறிய கடைகளுக்கு அது தாழ்ந்தால் லாபம். இரு சாராரும் ஒரே மண்டபத்தில், ஒரே தெய்வத்தின் முன், ஒருவர் முகம் ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து பேசியாகவேண்டும் என்ற ஏற்பாட்டிலேயே பாதி நியாயம் அடங்கியிருந்தது. இரகசியமாகக் கேட்க வெட்கப்படாத வட்டியைச் சபையில் கேட்க மனிதனுக்கு நா எழுவதில்லை.

முடிவானபின் அதை மீறினால் என்ன ஆகும்? போலீசு இல்லை, அபராதச் சட்டம் இல்லை. ஆனால் அவற்றினும் கடுமையான ஒன்று இருந்தது. நகரத்தார் சமூகத்தில் மணமான ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளிக் கணக்குப்படி வரியும், கடையின் முதலுக்குத் தக்கபடி மகமையும் செலுத்தியே கோயிலும் அன்னசத்திரமும் திருவிழாவும் நடந்தன. கல்யாணமென்றால் தத்தம் நகரக் கோயிலிலிருந்து மாலை வந்தாக வேண்டும். கடைகளுக்குள் தகராறு ஏற்பட்டால் கோர்ட்டுக்குப் போகுமுன் பஞ்சாயத்தில் பேசித் தீர்ப்பது சம்பிரதாயம். அந்தத் தீர்ப்பை உதறித் தள்ளியவனுக்கு ரங்கூனில் கடன் கிடைக்காமற் போவதோடு, ஊரில் சம்பந்தம் கிடைப்பதும் அரிதாகும். நாணயம் கெட்டவன் என்ற பேச்சு கப்பலைவிட வேகமாகச் செட்டிநாட்டுக்குப் போய்ச் சேரும் என்பதைத் தெரிந்திருந்தவர்கள், வாயால் சொன்ன வார்த்தையைப் பத்திரத்துக்கு மேலாக மதித்ததில் வியப்பில்லை.

பிற்காலத்தில் ரங்கூனில் முறையான நகரத்தார் சங்கமும் அமைந்து, சர்க்காரோடும் வர்த்தக சபைகளோடும் பேசவேண்டியவற்றை அது பேசிற்று. தொழிலுக்கென்றே பத்திரிகையும் தோன்றியது. பின்னாளில் உலகம் சுற்றிக் காந்தியடிகளைப் பற்றிய படம் எடுத்துப் புகழ்பெற்ற ஏ. கே. செட்டியார், தம் இளமையில் ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவரே. கோயில் காரியத்தையும் சபைக் காரியத்தையும் ஏற்று நடத்தியவர்கள் தம் கடை வேலை போக மிஞ்சிய பொழுதை அதற்குக் கொடுத்தார்கள். மறுநாட்காலை அதே தெருவில் யாரோடு போட்டியிட வேண்டுமோ அவருடைய நன்மையை முந்தின நாள் மாலை பேசுவது எளிதன்று என்பதை, அப்படிப்பட்ட ஓர் ஆசனத்தில் சில காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். அங்கே உட்காருகிறவன் சொந்தக் கடையின் லாப நஷ்டத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது. அது முற்றிலும் முடிகிற காரியம் என்று நான் சொல்லமாட்டேன். சக அங்கத்தினர்கள் பொறுமையோடு இடித்துரைத்ததனால்தான் எனக்கு அது ஓரளவேனும் கைவந்தது. அந்தப் பொறுமைக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

1929-30-ல் பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டி இந்தத் தொழிலை நுணுகி ஆராய்ந்தது. மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் இருக்கலாம் என்றும் கமிட்டி மதிப்பிட்டது. ரயில் நிலையமும் பாங்கும் எட்டாத உள்நாட்டுச் சிற்றூர்களிலும் செட்டியார் கடை இருந்தது. அவர்கள் வாங்கிய வட்டி, உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிடப் பொதுவாகக் குறைவே. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பர்மாவின் கவர்னராயிருந்த ஸர் ஹார்க்கோர்ட் பட்லர், அந்த மாகாணம் கால் நூற்றாண்டில் கண்ட செழிப்புக்குச் செட்டியார்களின் பண உதவி இன்றியமையாததாயிருந்தது என்று பாராட்டி, அவர்களுக்கு நன்றியும் உரியது என்று பேசியிருந்தார். மொகல் தெரு மனம் குளிர்ந்து கேட்டிருக்கக்கூடிய வார்த்தைகள்தான். ஆயினும் அந்த நன்றி கவர்னர் மாளிகையிலிருந்து வந்தது. கழிமுகத்து வயல்களிலிருந்து வரவில்லை.

அதன் பொருள் விரைவிலேயே விளங்கிற்று. உலகப் பொருளாதார மந்தம் வந்து 1930-31-ல் நெல் விலை பாதி அளவுக்குச் சரிந்தபோது, கடன் பத்திரத்திலிருந்த ரூபாய் மட்டும் சரியவில்லை. நூறு கூடை நெல்லை விற்று அடைக்க நினைத்த கடனுக்கு இருநூறு கூடை வேண்டியதாயிற்று. குடியானவன் வட்டி கட்டவும் இயலாமல் நின்றான். செட்டியாரோ, ஆச்சிமார் பணத்துக்கும் கோயில் பணத்துக்கும் பாங்குக் கடனுக்கும் பதில் சொல்லவேண்டியவராகையால், வேறு வழி காணாமல் ஈடாயிருந்த நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். நிலம் அவருக்கு வேண்டியதன்று. முதலைப் பணமாகவே வைத்துப் புரட்டுவது அவர் தொழில். இருந்தும், நெல் விளையும் 13 முக்கிய ஜில்லாக்களில் 1930-ல் மொத்தச் சாகுபடி நிலத்தில் 6 சதவீதமாயிருந்த செட்டியார் உடைமை, 1938-க்குள் 25 சதவீதமாக, அதாவது சுமார் 25 லட்சம் ஏக்கராகப் பெருகிவிட்டது. காட்டை வெட்டி வயலாக்கியவனின் மகன் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றான்.

1930 டிசம்பரில் தாராவதி ஜில்லாவில் ஸயா ஸான் தலைமையில் கிளம்பிய குடியானவர் கிளர்ச்சிக்கு இந்தக் கடன் பாரமும் ஒரு காரணமாயிருந்தது. 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அயல்நாட்டான் என்ற சொல் செட்டியார்மீது இன்னும் அழுத்தமாய் விழுந்தது. 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டுவீசியபின், லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாக அஸ்ஸாம் மலைகளைக் கடந்து வந்த அந்தப் பெருந்துயரில், பேரேடுகளைத் தலையில் சுமந்து வந்தவர்களும் உண்டு, வெறுங்கையோடு வந்தவர்களும் உண்டு. சுதந்திர பர்மா 1948-ல் நில தேசீயமயச் சட்டம் கொண்டுவந்தது. 1960களில் மிஞ்சியிருந்த வியாபாரமும் சர்க்கார் வசமாயிற்று. மூன்று தலைமுறை கட்டிய கட்டடம் ஒரே தலைமுறையில் தரைமட்டமாயிற்று.

இதற்கு யுத்தத்தையும் மந்தத்தையும் அரசியலையும் காரணமாகச் சொல்லுவது வழக்கம், அவை காரணங்களே. எனினும் அந்த மாதக் கூட்டத்தை மனத்திற்குள் வைத்துப் பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்ததனால் கடைகளுக்குள் வட்டி நியாயமாயிருந்தது என்று முன்னே சொன்னேன். ஆனால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகக் கடன் வாங்கிய பர்மியக் குடியானவனுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை. அவன் குரலைச் சபைக்குக் கொண்டுவரக்கூடியவர் யாரும் அங்கே இல்லை. அவன் மொழி, மதம், கோயில் எல்லாம் வேறு. மூன்றாண்டுக்கொருமுறை மாறும் மேலாள் அவனோடு உறவு கொண்டாடி வேரூன்றவும் அந்த ஏற்பாடு விடவில்லை. தனக்குள் மிக உயர்ந்த பரஸ்பர நம்பிக்கையை வளர்த்துக்கொண்ட ஒரு தொழில், தனக்கு அன்னமிட்டவனின் நம்பிக்கையைச் சம்பாதிக்கத் தவறிற்று. விலை சரிந்த ஆண்டில், எல்லோரும் கூடி இந்தக் கடன்களில் ஒரு பங்கைத் தள்ளிவிடுவோம் என்று அந்தச் சபை முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் வரலாறு மாறியிருக்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் கௌரவமாயிருந்திருக்கும்.

அந்தத் தெருவின் அனுபவம் வீண்போகவில்லை என்பதும் உண்மை. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு கரைந்தபோது, வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயரின் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் பாங்கு தொடங்கப்பட்டது. அதற்குத் துணை நின்றவர்களில் நகரத்தாரும் முக்கியமானவர்கள். 1937 பிப்ரவரி 10-ல் மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கு, காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே சமயத்தில் கதவு திறந்தது. கைப்பெட்டியும் கோயில் மண்டபமும் கற்பித்த வித்தை கம்பெனிச் சட்டத்தின் உடையை அணிந்துகொண்டது என்றே சொல்லலாம். அடுத்த ஆண்டே, 1938-ல், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு விழுந்து தென்னாட்டு வைப்புக்காரர்களைக் கதிகலங்க வைத்தபோது, ஒரு பாங்கின் வீழ்ச்சி எல்லாப் பாங்குகளின் விவகாரம் என்ற பழைய உண்மை புதிய ஸ்தாபனங்களுக்கும் உறைத்தது. 1946 செப்டம்பர் 26-ல் 22 பாங்குகள் அங்கத்தினராகச் சேர்ந்து இந்தியப் பாங்குகள் சங்கத்தை அமைத்தன. 1949-ல் பாங்கிங் கம்பெனிகள் சட்டமும் வந்தது. 1969 ஜூலையில் பெரிய பாங்குகள் பதினான்கு தேசீயமாக்கப்பட்டபோது, நகரத்தார் முதலால் வளர்ந்த அந்த இரண்டு பாங்குகளும் நாட்டின் பொதுச் சொத்தாயின.

இத்தனை பெரிய வரலாற்றின் பக்கத்தில் எங்கள் சிறு சங்கத்தின் காரியங்களை வைத்துப் பார்ப்பது மலையோடு மடுவை ஒப்பிடுவதாகும் என்பதை உணர்கிறேன். ஆயினும் நாங்கள் செய்ததும் அதே ஜாதியைச் சேர்ந்த வேலையே: ஒருவர் வைப்புக்காரரை இன்னொருவர் கூடுதல் வட்டி காட்டி இழுக்கக்கூடாது என்று பேசினோம், முடைப்பட்ட ஒரு நிதிக்கு மற்றவை சேர்ந்து கை கொடுத்தன, சர்க்கார் விதிகள் மாறும்போதெல்லாம் சிறியவர்களுக்கு அவற்றைப் படித்துச் சொன்னோம். நகை ஈட்டின் மேல் கடன் வாங்கி, கெடுவுக்குள் மீட்க முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு ஏலத்துக்கு முன் இன்னொரு அவகாசம் கொடுப்பது என்ற தீர்மானத்தை நிறைவேற்ற எங்களுக்குப் பல கூட்டங்கள் பிடித்தன. எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கும் பதில் சொல்லவேண்டிய வைப்புக்காரர்கள் இருந்தார்கள். இறுதியில் அது நிறைவேறியதற்கு, எதிர்த்துப் பேசிவிட்டும் சபையின் முடிவுக்குக் கட்டுப்பட்ட அந்தப் பெரியவர்களின் பண்பே காரணம். என் காலத்தில் நடந்தவற்றுள் எனக்கு மனநிறைவு தருவது அந்த ஒரு தீர்மானமே. அதற்கான நன்றி அவர்களுக்கே உரியது.

அக்கிராசனம் என்பது ஒருவன் தனக்கு முன்பிருந்தவர்களிடம் வாங்கித் தனக்குப் பின் வருகிறவர்களிடம் அடைக்கவேண்டிய கடன். இனி அந்த இடத்துக்கு வருகிறவர்களுக்கு, ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். பழைய நகரத்தார் சபையிடமிருந்து முகத்துக்கு முகம் பேசும் பழக்கத்தையும், கணக்கை ஒப்புவித்துவிட்டு விலகும் பழக்கத்தையும், சொன்ன சொல்லைக் காக்கும் நாணயத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சபை செய்யாமல் விட்ட ஒன்றை நீங்கள் செய்யுங்கள். வட்டியும் கெடுவும் ஏலமும் பேசப்படும் கூட்டங்களில், கடன் வாங்குகிறவர்கள் தரப்பிலிருந்து ஒருவரை அழைத்து உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்டபிறகு தீர்மானம் எழுதுங்கள்.